நிழற்படமும் ஒரு தோட்டக்காரரும்

மாட்டுத் தீவனத்திற்கென்று பயிரிடப்படும் கிழங்கு ஒன்றை மண் போகக் கழுவி, வெறுமையான பின்புலத்தின் முன்னே இருத்தி, மன்னர் ஒருவரின் உருவத்தை எழுதப் புகுந்த ஓவியன் காட்டும் அத்துணைப் பொறுமையோடு நிழற்படம் பிடித்தார் ஒருவர் எனின், கேட்போர் நகைப்பர். பிடித்த படத்திற்குப் பொன்னுப்புக் கரைசலால் நிறமும் ஊட்டினார் எனின், பொன்னின் விலையறிந்தோர் பின்னும் மிகுதியாக நகைப்பர். ஆயினும் அவ்வாறு செய்தவர் ஒருவர் மெய்யாகவே இருந்தார். அவர் பெயர் சார்லஸ் ஜோன்ஸ் என்பது. இங்கிலாந்து தேசத்து உல்வர்ஹாம்ப்டன் நகரில் 1866-ஆம் ஆண்டில் இறைச்சி வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்து, செல்வர் மாளிகைகளில் தோட்டக்காரராய் ஊழியஞ் செய்து, தொண்ணூறு கடந்த முதியவராய் 1959-இல் இறந்தார். அவர் படங்களைத் துணையாகக் கொண்டு, நிழற்படக் கலையின் வாயிலாக மனிதன் செடிகொடிகளை எங்ஙனம் நோக்கினான் என்பதைச் சிறிது ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்படங்கள் வெளிப்பட்ட வரலாற்றை முதற்கண் கூறுவாம். இலண்டன் மாநகரில் பெர்மாண்ட்சி என்னும் பகுதியில் பழம்பொருட் சந்தை ஒன்று கூடுவதுண்டு. பழைய நிழற்படங்களைத் தேடித் தொகுப்பதையே தொழிலாகக் கொண்ட ஷான் செக்ஸ்டன் என்பார் 1981-ஆம் ஆண்டில் அச்சந்தையில் ஒரு பெட்டியைக் கண்டார். அதனுள் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலன காய்கறிகள். எஞ்சியவை பூக்களும் பழங்களும். மனித உருவம் தேடுவோர்க்கு அப்பெட்டியில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் செடியின் பெயரும் அதன் இனப்பெயரும் எழுதப்பட்டிருந்தன; சிலவற்றில் ‘சி. ஜே.’ என்னும் முதலெழுத்துக்கள் இருந்தன. சிலவற்றிலோ முழுப்பெயரே இருந்தது. எடுத்தவர் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றபின்னரே உலகம் அவரை அறிந்தது. 1998-இல் இப்படங்கள் ஒரு நூலாகவும் வெளிவந்தன. இன்று அவை கலைப்பொருள்களாய்ப் போற்றப்படுகின்றன.

நிற்க. செடியின் உருவத்தை ஒளியைக் கொண்டே எழுதும் முயற்சி ஜோன்ஸுக்கு முன்னரே, நிழற்படக் கலையோடு உடன் பிறந்ததாகும். இக்கலையைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் தாமே தாவர நூற் பயிற்சி உடையவர். 1839-இல் அவர் தம் முறையை அறிஞர்க்கு அறிவித்தபொழுது எடுத்துக்காட்டிய படங்களில் இலைகளும் பூக்களும் இருந்தன. அவர்க்குப்பின் இத்துறையில் நாம் நினைவு கூர வேண்டுபவர் அன்னா அட்கின்ஸ் அம்மையார். இவ்வம்மையார் 1799-இல் கெண்ட் மாகாணத்தில் பிறந்தவர். கடற்பாசிகளை ஆராய்வதில் ஈடுபாடு மிக்கவர். அவற்றுட் பல, மயிரினும் நுண்ணிய இழைகளை உடையன. கையால் வரைந்து காட்டுதல் அரிது. 1842-இல் ஸர் ஜான் ஹெர்ஷல் என்னும் வான நூலறிஞர் நீலப்பட முறையைக் கண்டு வெளியிட, மறு ஆண்டே அம்மையார் அதனைக் கையாண்டு பிரிட்டிஷ் கடற்பாசிகளின் படத்தொகுதியை வெளியிடத் தொடங்கினார். 1853 வரை பத்தாண்டுகள் அவ்வேலை நடைபெற்றது. நூல் முழுமைக்கும் எழுத்துக்களைக்கூட அவர் அச்சுக் கோக்கவில்லை. தம் கையால் எழுதி, அவ்வெழுத்தையும் ஒளியினாலேயே பதித்தார். முகவுரையின் அடியில் ‘ஏ. ஏ.’ என்று மட்டும் ஒப்பமிட்டிருந்தமையால், பிற்காலத்தில் தொகுப்பாளர் ஒருவர் அவ்விரண்டெழுத்தையும் ‘பெயர் கூறாத ஆர்வலர்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமென்று கொண்டனராம். செடிகளை ஒளியால் எழுதியோர்க்குப் பெயர் மறைதல் ஒரு பழக்கம் போலும்.

இம்முறையை நம் மாணவர் தாமே செய்து பார்த்தல் எளிது. செய்து பார்த்தவர்க்கே பின்வரும் செய்தியும் நன்கு விளங்கும். பெரிக் அம்மோனியம் சிட்ரேட் என்னும் பச்சை உப்பு 25 கிராம் எடுத்து 100 மில்லிலிட்டர் நீரில் கரைக்க. பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம் எடுத்து வேறொரு 100 மில்லிலிட்டர் நீரில் கரைக்க. இரண்டையும் வெயில் புகாத அறையில் சம அளவாய்க் கலந்து, தடித்த தாளின்மேல் தூரிகையால் மெல்லப் பூசி, இருட்டில் உலர்த்துக. அமிலம் எதனையும் இதனோடு சேர்த்தலாகாது. ஆசிரியர் உடனிருத்தல் நலம். உலர்ந்த தாளின்மேல் முருங்கையிலைக் கொத்து ஒன்றைப் பரப்பி, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, நண்பகல் வெயிலில் வைப்பின் நம் நாட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பின்னர்த் தாளைத் தண்ணீரில் அலச, வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகும். இலை மறைத்த இடத்து உப்பு கரைந்து போய் வெண்மையாய் நிற்கும். ஒளி பட்ட இடத்தில் இரும்புப்பு மாறுதலடைந்து, நீரிற் கரையாத நீலப்பொருளாதலே இதன் காரணம்.

இவ்வாறு கிடைக்கும் படத்தில் இலை தன் அளவில் கூடுதலும் குறைதலும் இன்றி விழும். கருவியும் இல்லை, இடையில் வில்லையும் இல்லை. செடியே தாளைத் தொட்டு நின்று தன் நிழலைத் தருகின்றது. ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. தட்டையானவும் ஒளி ஊடுருவுவனவும் ஆகிய பொருள்களே இதற்கு ஏற்றவை. கடற்பாசியை விரித்து வைக்கலாம். முட்டைக்கோஸை எங்ஙனம் விரிப்பது? திரண்ட பொருளின் மேடு பள்ளங்களும், அதன் தோலின் வழுவழுப்பும், அடுக்கடுக்காய் மடிந்த இலையின் நரம்புகளும் தோன்ற வேண்டுமாயின் நிழற்படக் கருவி இன்றியமையாதது.

அக்கருவி தொழிலாளர் கைக்கு எட்டியதற்கும் ஒரு காரணம் உண்டு. தொடக்கத்திற் கண்ணாடித் தட்டின்மேல் ஈரமான மருந்தைப் பூசி, அது உலருமுன்னே படம் பிடித்து, உடனே இருட்டறையிற் புகுந்து கழுவவேண்டியிருந்தது. மண்வெட்டி பிடித்து நாள் முழுதும் உழைப்பவர்க்கு அத்தனை தொல்லை தாங்குமோ? 1871-இல் ரிச்சர்டு மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வெள்ளியுப்பை ஜெலட்டின் பசையிற் கலந்து பூசும் உலர்தட்டு முறையை வெளியிட்டார். பின்னர்த் தொழிற்சாலைகள் அத்தட்டுக்களைச் செய்து பெட்டியில் அடைத்து விற்கத் தலைப்பட்டன. ஆகவே வேலை ஒழிந்த வேளையில் ஒரு தட்டை எடுத்துப் படம் பிடித்து, வசதி வாய்த்தபொழுது கழுவிக்கொள்ளலாம் என்னும் நிலைமை ஏற்பட்டது. ஜோன்ஸ் வேலை செய்த காலம் இதுவே. சசெக்ஸ் மாகாணத்தில் ஓட் ஹால் என்னும் மாளிகையில் அவர் 1890-களிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் தோட்டக்காரராய் இருந்தார். தோட்டக் கலைக்கென்று வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகை ஒன்று 1905-இல் அத்தோட்டத்தைப் பற்றி எழுதியபோது, பாத்திகளிலும் கனிமரங்களிலும் காணப்பட்ட அவரது கைத்திறனைப் புகழ்ந்தது.

அக்காலத் தட்டுக்களில் ஒரு குறை இருந்தது. அதனை அறியாதார் இப்படங்களின் அருமையை அறியார். சாதாரண வெள்ளியுப்பு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும், சிவப்பை உணராது, பச்சையையும் சரிவர உணராது. 1873-இல் ஹெர்மன் போகல் என்னும் ஜெர்மானியர் சில சாயங்களைச் சேர்த்தால் இக்குறை ஓரளவு நீங்குமென்று கண்டார். நீங்கியும், சிவந்த பொருள் கருமையாகவே விழுந்தது. தோட்டத்தின் அழகெல்லாம் நிறத்தில் இருக்கிறது என்று எண்ணுவார் பலர். அந்நிறம் முழுவதையும் தட்டு பறித்துக்கொள்ள, எஞ்சுவது வடிவமும் ஒளி நிழலும் மேற்பரப்பின் தன்மையுமே. இன்னுமொரு தொல்லை உண்டு. அருகில் வைத்த பொருள் முன்னும் பின்னும் தெளிவாய் விழவேண்டின் வில்லையின் கண்ணைச் சிறிதாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அந்நேரத்திற்குள் பறித்த இலை சற்றே வாடித் துவண்டாலும் படம் கலங்கிப்போம். எவ்விலை எத்தனை நாழிகை நிமிர்ந்து நிற்கும் என்பதும், எதனை விடியலிற் பறிக்க வேண்டும் என்பதும் தோட்டக்காரர் அறிவர்.

இனி அவர் படங்களுக்கு வருவோம். தொடக்கத்திற் கூறிய கிழங்கு மாங்கோல்டு என்பது. அதன் இனம் மஞ்சள் உருண்டை எனப் பெயர் குறிக்கப்பட்டுள்ளது. பின்புலத்தில் ஒன்றுமில்லை. கூடையுமில்லை, கத்தியுமில்லை, மண்ணுமில்லை. லீமிங்டன் பிராக்கோலி என்று பெயர் எழுதிய படம் வேறொன்று. அக்காலத்து ஆங்கிலத் தோட்டக்காரர் குளிர்காலத்தில் விளையும் காலிபிளவர் வகையையே பிராக்கோலி என்றனர். அவரை, பட்டாணி முதலியனவும், செலரித் தண்டுகளும், டர்னிப்புக் கிழங்குகளும் இவ்வாறே ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் அடுக்கப்பட்டுள்ளன. அவ்வடுக்கும் முறை எங்கோ கண்டதுபோல் இருக்கும். காய்கறிக் கண்காட்சிகளிற் பரிசு கருதித் தோட்டக்காரர் மேசைமேல் வைக்கும் முறையே அது. அங்கே அளவொத்த காய்களைப் பொறுக்கிக் கழுவி, நடுவர் ஐயத்திற்கு இடமின்றிப் பார்க்குமாறு வைப்பர்.

கலை விமரிசகர் இப்படங்களைக் கண்டு வியந்து, ஜோன்ஸைப் பிற்கால நவீன நிழற்படக் கலைஞர்க்கு முன்னோடி என்று சொல்லுகின்றனர். அவர்கள் சுட்டும் கலைஞர் இருவர். ஒருவர் ஜெர்மனி தேசத்துக் கார்ல் பிளாஸ்பெல்ட். மற்றவர் அமெரிக்கராகிய எட்வர்டு வெஸ்டன். இக்கூற்று முழுதும் தவறென்று யாம் கூறவில்லை. ஆயினும் இதனால் ஜோன்ஸின் படங்களில் உள்ள முதன்மையான செய்தி மறைந்து போகிறதென்பது எம் கருத்து.

பிளாஸ்பெல்ட் 1865-இற் பிறந்தவர். ஜோன்ஸுக்கு ஒரு வயது மூத்தவர். இளமையில் இரும்பு வார்ப்புச் சாலையில் வேலை பயின்று, பின்னர்ப் பெர்லின் நகரத்துக் கைத்தொழிற் கலைச்சாலையில் ஆசிரியரானார். தூணும் கிராதியும் செய்யும் மாணவர்க்குச் செடியின் வடிவங்களைக் காட்டிக் கற்பிப்பதே அவர் எண்ணம். அதற்கென்று வழியோரங்களிலும் புகைவண்டிப் பாதையின் கரைகளிலும் முளைத்த காட்டுச் செடிகளைப் பறித்து வந்து, வேண்டாத இலைகளைக் கத்தரித்து, பலமடங்கு பெருக்கிப் படம் பிடித்தார். சுருண்ட பெரணியின் தளிர் குருமாரின் கைக்கோல்போல் அவர் படத்தில் தோன்றும். ‘கலையின் மூல வடிவங்கள்’ என்று பொருள்படும் அவர் நூல் 1928-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. வெஸ்டனோ 1930-இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் இருத்திப் படம் எடுத்தார். அது மல்லர் இருவர் தழுவியதுபோல் முறுகித் தோன்றுகிறது. படம் எடுத்தபின் அவ்வகைக் காய்களைத் தாம் உண்டுவிடுவதையும் அவர் தம் நாட்குறிப்பில் மறைக்கவில்லை. இவ்விருவரிடத்தும் செடி வேறொன்றை நினைவூட்டும் பொருட்டே நிற்கிறது. ஒருவர்க்கு அது இரும்பு வேலை. மற்றவர்க்கு அது மனித உடல். இன்ன செடி, இன்ன இனம் என்பது அங்கே பெரிதன்று.

ஜோன்ஸின் பிராக்கோலி பிராக்கோலியாகவே இருக்கிறது. அதனினும் நுட்பமாக, அது லீமிங்டன் பிராக்கோலியாக இருக்கிறது. இனப்பெயர் எழுதாமல் அவர் படத்தைக் கீழே வைப்பதில்லை என்பதில்தான் அவருடைய கலையின் உயிர்நாடி உள்ளதென்று நினைக்கிறோம். இதனை விளக்குவதற்குத் தாவர நூலுட் சிறிது புகவேண்டும்.

முட்டைக்கோஸ், காலிபிளவர், பிராக்கோலி, நூல்கோல் ஆகிய நான்கும் சந்தையில் வெவ்வேறு குவியலாய்க் கிடக்கின்றன, விலையும் வெவ்வேறு. தாவர நூலார்க்கோ இவை ஒரே சாதி. ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளில் இன்றும் முளைத்துக் கிடக்கும் ஒரு காட்டுக் கோசின் வழித்தோன்றல்கள் இவையெல்லாம். இலை மிகுந்த செடியின் விதையையே மீண்டும் மீண்டும் விதைத்தவர் கையில் அது முட்டைக்கோஸ் ஆயிற்று. தண்டு பருத்ததைத் தெரிந்தெடுத்தவர் கையில் நூல்கோல் ஆயிற்று. மலராத மொட்டுத்திரளை விரும்பியவர் கையில் காலிபிளவர் ஆயிற்று. மாங்கோல்டின் வரலாறும் இத்தகையதே. நாம் உண்ணும் பீட்ரூட்டும், சர்க்கரை எடுக்கும் கிழங்கும், மாட்டுக்கிடும் மாங்கோல்டும் கடலோரத்துக் காட்டுச் செடி ஒன்றன் பிள்ளைகள். இம்மாறுதலைச் செய்தவர் பெயரில்லாத எண்ணற்ற குடியானவரும் தோட்டக்காரருமாவர். நம் ஊர்களிலும் கொடியில் முதற்காய்களுள் நல்லதொன்றைப் பறியாது, விதைக்கென்று முற்றவிடும் பாட்டிமாரைக் கண்டிருக்கிறோம்; அதனைக் குழந்தைகள் தொட்டால் வசை கிடைக்கும். அவ்வசையும் இவ்வரலாற்றில் ஒரு பகுதி.

ஆதலின் அட்கின்ஸ் அம்மையாரின் கடற்பாசியும் பிளாஸ்பெல்டின் வழியோரச் செடியும் மனிதன் விதையாமலே விளைந்தவை. ஜோன்ஸின் காய்கள் மனிதனின்றி இவ்வுருவத்தில் இருந்திரா. அவர் படங்களில் மனித உருவமே இல்லையென்று மேலே சொன்னோம். உருவம் இல்லைதான். ஆனால் அக்கிழங்கின் உருட்சி, அவ்விலையின் பரப்பு, அந்நெற்றின் நீளம் ஆகியவற்றில் பல நூறாண்டு மனிதர் விருப்பமும் பசியும் பொறுமையும் படிந்துள்ளன. இனப்பெயரை எழுதுவதன் கருத்து இதுவே. அப்பெயரைப் படித்து மீண்டும் படத்தைத் திருப்பிப் பார்ப்பவர்க்குக் கிழங்கு வேறு விதமாகத் தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தோட்டத்து உறவைக் காட்டும் படமாயின் குனிந்து களை பறிக்கும் முதுகும், வெடித்த கையும், நீர் சுமக்கும் வாளியும் அன்றோ அதில் இருத்தல் வேண்டும்? கழுவித் துடைத்து நிறுத்திய காய் உழைப்பை மறைக்கவில்லையா? இக்கேள்வி நியாயமானது. மதில் சூழ்ந்த அத்தோட்டங்களில் விளைந்தவை தோட்டக்காரரின் உடைமை அல்ல. மாளிகையின் அடுக்களைக்கு உரியவை. பட்டாணி உருண்டு திரண்ட அன்றே அது பிறர் தட்டுக்குப் போய்விடும். ஜோன்ஸ் ஏன் படம் எடுத்தார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் படங்களைக் கொண்டு எம்மால் ஊகிக்கக் கூடியது இவ்வளவே: ஓராண்டு உழைப்பின் முடிவாகிய ஒரு பொருள், தன் நிறைவில் நிற்கும் நேரம் மிகக் குறுகியது, அந்நேரத்தில் அதனை முதலிற் காண்பவர் தோட்டக்காரரே. முதுகையும் கையையும் காட்டும் படம் அவர்மேல் நமக்கு இரக்கத்தை உண்டாக்கும். அவர் அதனைக் கேட்கவில்லை. தாம் விளைத்ததைப் பாருங்கள் என்கிறார். அதுவும் தாழ்ந்த குரலில், படத்தின் பின்புறத்தில்.

1910-ஐ அடுத்து அவர் குடும்பத்தோடு லிங்கன்ஷயர் மாகாணம் சென்று, தம் எஞ்சிய நாளை அங்கேயே கழித்தார். பிற்காலத்தில் அவர் அக்கண்ணாடித் தட்டுக்களை என்செய்தார் என்பதை அவருடைய பேத்தியார் நினைவு கூர்ந்துள்ளார். இங்கிலாந்தில் இளவேனில் தொடங்கியபின்னும் இரவில் உறைபனி விழுவதுண்டு. முளைத்த நாற்று ஓரிரவிற் கருகிப்போம். ஆகவே தோட்டக்காரர் நாற்றின்மேல் கண்ணாடிக் கூடு கவிழ்ப்பர். பகலில் வெயில் அதனூடே புகும். புகுந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. பனியும் நாற்றைத் தீண்டாது. ஜோன்ஸ் தம் பழைய தட்டுக்களையே அதற்குப் பயன்படுத்தினாராம். ஒரு முறை செடியின் உருவத்தை வாங்கிய கண்ணாடி, மறுமுறை செடியின் தலைக்குமேல் நின்றது. கலைஞர் என்று தம்மை எண்ணியவர் எவரும் இவ்வாறு செய்யத் துணியார். மூலத்தட்டு போனால் மறுபடி அச்சிட வழியில்லை. அத்தட்டுக்களுள் ஒன்றும் இன்று எஞ்சியதாகத் தெரியவில்லை. பெர்மாண்ட்சிச் சந்தையிற் கிடைத்த தாட்படங்களே உள்ளன.